‘ஓர் உழக்கு’ என்றால் எவ்வளவு? மதுரைப் பக்கம் அடுப்படிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

என் முதல் தீபாவளிக்கு அத்தை தொலைபேசியில் அதிரசப் பக்குவம் சொன்னார்கள். “இரண்டு உழக்குப் பச்சரிசி, நானூறு கிராம் வெல்லம், நான்கு ஏலக்காய், கொஞ்சம் சுக்கு.” நான் சென்னையில் ஆழாக்குப் பாத்திரத்தோடு வளர்ந்தவள். உழக்கு என்பது அதற்கு மதுரைப் பக்கத்துப் பெயர் என்று நினைத்துக்கொண்டு, என் 200 மில்லி பாத்திரத்தில் இரண்டு முறை அளந்து ஊறப்போட்டேன். மறுநாள் எண்ணெயில் போட்ட முதல் அதிரசம் விளிம்பிலிருந்து கரைந்து, கடாய் முழுவதும் நுரையாகப் பிரிந்தது. இரண்டாவதும் அப்படியே. ஒரு லிட்டர் எண்ணெய், நானூறு கிராம் வெல்லம், ஒன்றரை நாள் வேலை அத்தனையும் வீண். ஊரிலிருந்து வந்த அத்தை மாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: “எந்த உழக்கில் அளந்தாய்?”

அந்தக் கேள்வியை அரிசி ஊறப்போடுவதற்கு முன்பு நான் கேட்டிருக்க வேண்டும். திருமணம், வேலை, படிப்பு என்று எந்தக் காரணத்துக்காகவோ மதுரை, திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் வந்து சமைக்கத் தொடங்குகிறவர்களுக்கு இது நிச்சயம் தேவைப்படும். அதனால் நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. உழக்கு வேறு, ஆழாக்கு வேறு

முதலில் வாய்ப்பாடு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. இதையே நாழி என்றும் சொல்வார்கள். எட்டுப் படி ஒரு மரக்கால், அதாவது ஒரு குறுணி. ஆக, படியில் நான்கில் ஒரு பங்கு உழக்கு, எட்டில் ஒரு பங்கு ஆழாக்கு. உரி என்ற சொல்லை எங்கள் வீட்டில் அத்தையின் தாயார் மட்டும்தான் இன்னும் சொல்கிறார். மற்றவர்கள் எல்லாரும் அரைப்படி என்றே சொல்கிறார்கள்.

இதே அளவுகளைப் படியின் பின்னமாகவும் சொல்வார்கள். கால்படி என்றால் உழக்கு. அரைக்கால்படி என்றால் ஆழாக்கு. மாகாணிப்படி என்றால் அதிலும் பாதி, படியில் பதினாறில் ஒரு பங்கு.

இங்கேதான் முதல் பள்ளம் இருக்கிறது. பேச்சில் ‘அரைக்காப்படி’ என்று வேகமாகச் சொல்லும்போது பழக்கமில்லாத காதில் ‘அரைப்படி’ என்று விழும். ஒன்று எட்டில் ஒரு பங்கு, மற்றொன்று பாதி. நான்கு மடங்கு வித்தியாசம்! ஒருமுறை அரைக்காப்படி உளுந்துக்குப் பதிலாக அரைப்படி உளுந்தை ஊறப்போட்டுவிட்டு, வடை வடையாகச் சுட்டுத் தெரு முழுவதும் கொடுத்தோம். ‘கால்’ என்ற ஒலி காதில் விழுந்தால் நிறுத்தி, “காலா, அரைக்காலா, அரையா?” என்று மறுபடி கேளுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. சில வீடுகளில் ஆழாக்கு அளவுள்ள சிறிய பாத்திரத்தையே உழக்கு என்று அழைக்கிறார்கள். அவர்கள் தவறாகச் சொல்வதாக வாதாடாதீர்கள். தலைமுறையாக அந்த வீட்டில் அந்தப் பாத்திரத்துக்கு அதுதான் பெயர். அவர்களுடைய பக்குவம் எல்லாம் அந்தப் பாத்திரத்தில் அளந்து பழகியது.

2. பாத்திரத்தைக் கண்ணால் பாருங்கள்

உழக்கு என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது. படியில் நான்கில் ஒன்று என்ற விகிதத்தையும் அது குறிக்கிறது, அரிசிப் பானைக்குள் கிடக்கும் ஒரு குறிப்பிட்ட பாத்திரத்தையும் குறிக்கிறது. சமையல் சொல்பவர் மனதில் இருப்பது எப்போதும் அந்தப் பாத்திரம்தான்.

ஆகவே யாரிடம் பக்குவம் கேட்டாலும், அவர் வீட்டுக்குப் போக முடிந்தால் பாத்திரத்தை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். போக முடியாவிட்டால் பக்கத்தில் ஒரு தண்ணீர் டம்ளரை வைத்து ஒரு புகைப்படம் அனுப்பச் சொல்லுங்கள். “உங்கள் உழக்கு படிக்கு எத்தனை?” என்று கேட்பதும் நல்ல வழி. நான்கு என்று பதில் வந்தால் அது உழக்கு. எட்டு என்று வந்தால், பெயர் எதுவானாலும் அது ஆழாக்கு.

படியே ஊருக்கு ஊர் மாறும் என்பதையும் மனதில் வையுங்கள். சின்னப் படி, பெரிய படி, பட்டணம் படி என்று பலவிதமாகச் சொல்வார்கள். பக்கா என்ற சொல்லும் காதில் விழும். அதைக் கேட்டால் எந்தப் பாத்திரம் என்று காட்டச் சொல்லிவிடுங்கள்.

3. தண்ணீர் ஊற்றி அளந்துகொள்ளுங்கள்

இதற்கு ஆகும் நேரம் கால் மணி. செலவு அநேகமாக ஒன்றுமில்லை. வீட்டில் மின்னணுத் தராசு இருந்தால் காலிப் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் ஒரு கிராம் என்றால் ஒரு மில்லி. தராசு காட்டும் எண்தான் உங்கள் உழக்கின் கொள்ளளவு. தராசு இல்லையென்றால் மில்லி குறியிட்ட குழந்தைப் பால்புட்டி போதும். நிரப்பி நிரப்பி ஊற்றி எண்ணலாம். அதுவும் இல்லையென்றால் அரை லிட்டர் பால் பாக்கெட்டை வெட்டி உழக்கில் ஊற்றிப் பாருங்கள். ஒரு முறை நிறைந்து, மீதி பாதி உழக்குக்குச் சற்று மேல் வந்தால் உங்கள் உழக்கு ஏறத்தாழ 330 மில்லி. இரண்டரை முறை நிறைந்தால் அது 200 மில்லி.

அளந்த பிறகு பாத்திரத்தை வெயிலில் நன்றாகக் காயவைத்து அரிசிப் பானைக்குள் போடுங்கள். ஈரம் இருந்தால் பானையில் பூச்சியும் பூஞ்சையும் வரும்.

அத்தையின் பித்தளை உழக்கு 330 மில்லி பிடித்தது. கைபேசியில் தேடினால் கிடைக்கும் அட்டவணைகள் பலவும் ஆழாக்கு 168, உழக்கு 336, படி 1344 மில்லி என்று சொல்கின்றன. அத்தையின் பாத்திரம் அதற்கு மிக அருகில் இருந்ததால், எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன். அந்த நம்பிக்கைக்குக் கொடுத்த விலையைக் கீழே, விசேஷச் சமையல் பகுதியில் சொல்கிறேன்.

4. ஒரே உழக்கு, ஒவ்வொரு பொருளுக்கும் வேறு எடை

மளிகைக் கடையில் கிலோ. அடுப்படியில் உழக்கு. இரண்டையும் இணைக்க நாம்தான் ஒரு தாள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 330 மில்லி உழக்கில் தலைதட்டி அளந்தபோது எனக்கு வந்த எடைகள் இவை:

பச்சரிசி 275 கிராம்
இட்லி அரிசி 270 கிராம்
தோல் நீக்கிய முழு உளுந்து 280 கிராம்
துவரம் பருப்பு 280 கிராம்
ரவை 235 கிராம்
பொடித்த வெல்லம் 250 கிராம்
இடித்துச் சலித்த அரிசி மாவு 175 கிராம்
கடலை மாவு 155 கிராம்
நல்லெண்ணெய் 300 கிராம்

பொரியையும் ஆசைக்கு நிறுத்துப் பார்த்தேன். 30 கிராமைக்கூடத் தொடவில்லை.

தானியமும் பருப்பும் ஏறக்குறைய ஒரே எடை என்பதைக் கவனியுங்கள். மாவுக்கு வந்ததும் எடை பெரிதும் குறைந்துவிடுகிறது. ‘ஓர் உழக்கு அரிசி மாவு’ என்பதும் ‘ஓர் உழக்கு அரிசியை இடித்த மாவு’ என்பதும் வேறு வேறு. முறுக்குக்கும் அதிரசத்துக்கும் அளவு சொல்கிறவர்கள் பெரும்பாலும் அரிசியாக அளந்ததைத்தான் சொல்வார்கள். கடையில் வாங்கிய மாவை அதே உழக்கில் அளந்தால் குறைந்துபோகும். “அரிசியாகவா, மாவாகவா?” என்பது கேட்டே தீர வேண்டிய கேள்வி.

மாவைத் தட்டித் தட்டி அமுக்கி அளப்பவர்களும் உண்டு, சலித்துவிட்டுத் தூவி அளப்பவர்களும் உண்டு. அதற்கேற்ப எடை மாறும். மாவு விஷயத்தில் உழக்கை நம்பாமல் தராசை நம்புங்கள் என்பது என் கருத்து.

5. தலைதட்டியா, கோபுரமாகவா?

விளிம்போடு கையால் வழித்துவிட்டு அளந்தால் தலைதட்டி அளப்பது. விளிம்புக்கு மேல் குவிந்து நிற்கும்படி அளந்தால் கோபுரமாக அளப்பது. வாய் அகன்ற பாத்திரத்தில் கோபுரம் பெரிதாக நிற்கும், குறுகிய வாயில் சிறிதாக நிற்கும். அத்தையின் உழக்கில் கோபுரமாக அளந்த பச்சரிசி 320 கிராம் வந்தது. தலைதட்டியதைவிட 45 கிராம் கூடுதல்.

வீட்டுச் சோற்றுக்கு அரிசி போடும்போது பலரும் கோபுரமாகவே அள்ளுவார்கள். வெறுமனே வழித்துவிட்டு அளப்பது கருமித்தனம் என்ற எண்ணம் அதற்குக் காரணம். பலகாரத்துக்கு மட்டும் தலைதட்டுவார்கள். கேட்டால் “சும்மா அளந்துபோடுவேன்” என்றுதான் சொல்வார்கள். கையைப் பார்த்தால்தான் தெரியும்.

அளக்கும்போது முதல் அளவை ‘ஒன்று’ என்று எண்ணாமல் ‘லாபம்’ என்று எண்ணும் வழக்கத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். லாபம், இரண்டு, மூன்று என்று போகும். நீங்கள் பக்கத்தில் நின்று எண்ணினால் ‘லாபம்’ என்பதை விட்டுவிட்டு அடுத்ததை ஒன்று என்று தொடங்கிவிடாதீர்கள். ஓர் அளவு கூடிப்போகும்.

6. எடையும் அளவும் கலந்த பக்குவத்தில் கவனம்

என் அதிரசம் கெட்டதன் உண்மையான காரணம் இதுதான். இட்லிக்கு நான்கு உழக்கு அரிசிக்கு ஓர் உழக்கு உளுந்து என்றால், எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் பழுதில்லை. இரண்டும் அதே பாத்திரத்தில் அளக்கப்படுவதால் விகிதம் மாறாது. மாவின் மொத்த அளவுதான் கூடும் குறையும். குக்கரில் ஓர் உழக்கு அரிசிக்கு மூன்று உழக்குத் தண்ணீர் என்பதும் அப்படியே, அரிசி அளந்த பாத்திரத்திலேயே தண்ணீரையும் அளந்தால்.

ஆனால் அரிசியை உழக்கிலும் வெல்லத்தைக் கிராமிலும் சொல்லும் பக்குவத்தில் உழக்கு மாறினால் விகிதமே மாறிவிடும். அத்தை சொன்ன கணக்கில் இரண்டு உழக்கு அரிசி 550 கிராம், அதற்கு 400 கிராம் வெல்லம். நான் போட்டதோ 330 கிராம் அரிசி, அதே 400 கிராம் வெல்லம். பாகு மிஞ்சிய மாவு எண்ணெயில் எப்படி நிற்கும்?

இப்போது அரிசி உழக்கிலும், வெல்லம் கிலோவிலும், நெய் கரண்டியிலும் வரும் எந்தப் பக்குவத்தையும் முதலில் கிராமுக்கு மாற்றி எழுதிவிட்டுத்தான் தொடங்குகிறேன். பழைய கைக்குறிப்புகளில் பலம், வீசை என்று வந்தால் பலம் 35 கிராம், வீசை 40 பலம், அதாவது 1.4 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இவை எடை, ஆகவே பாத்திரச் சிக்கல் இல்லை. நெல்லிக்காய் அளவு புளி, எலுமிச்சை அளவு புளி என்பவற்றுக்கு அளவு தேடி அலைய வேண்டாம். குழம்பை நாக்கில் வைத்துப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

நேரக் கணக்கும் முக்கியம். அதிரச மாவு கிளறிய பிறகு ஒரு நாளாவது இருக்க வேண்டும். அரிசி ஊறவும், நிழலில் உலரவும், இடிக்கவும் அதற்கு முன் நேரம் வேண்டும். ஆகவே அளவு பற்றிய சந்தேகத்தைப் பண்டிகைக்கு நான்கு நாள் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். பண்டிகைக்கு முந்தின இரவு யாருக்கும் தொலைபேசி எடுக்க நேரம் இருக்காது.

7. விசேஷச் சமையலுக்குப் பட்டியல் வாங்கும்போது

எங்கள் வீட்டுக் காதுகுத்துக்குச் சமையல்காரர் ‘40 படி அரிசி’ என்று பட்டியல் எழுதிக் கொடுத்தார். அத்தையின் உழக்கை நான்கால் பெருக்கி, படிக்கு 1.1 கிலோ என்று கணக்கிட்டு, 44 கிலோ வாங்கினேன். அவர் அளந்து பழகிய படி பெரிய படி. பிறகு அளந்து பார்த்தேன், 1.7 லிட்டர் பிடித்தது. அரிசியாக 1.4 கிலோ. அவர் நினைத்தது 56 கிலோ. கடைசிப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவர்கள் சோற்றுக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். அக்கம்பக்கத்து வீடுகளில் அரிசி கடன் வாங்கி மறுபடி உலை வைத்தோம். கிலோ 60 ரூபாய் என்று வைத்தால் குறைந்த 12 கிலோவின் விலை 720 ரூபாய். ஆனால் அன்று காத்திருந்தவர்களில் என் கணவரின் தாய்மாமன் வீட்டாரும் இருந்தார்கள். அது இன்றும் என் நெஞ்சில் உறுத்துகிறது.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். பட்டியலைத் தாளில் எழுதி வாங்குங்கள், வாய்வழியாக வேண்டாம். அரிசி, பருப்பு, உளுந்து என்று படியில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் எதிரே கிலோவில் எவ்வளவு என்று சமையல்காரரையே எழுதச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் அவருடைய படியை வாங்கி, மேலே சொன்ன தண்ணீர்க் கணக்கைப் போடுங்கள். எத்தனை பேருக்கு என்பதையும் அதே தாளின் தலைப்பில் எழுதுங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். இதையெல்லாம் விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

வாங்கும்போது மூட்டைக் கணக்கும் வரும். 25 கிலோ வரையிலான சிப்பத்துக்கு 2022 ஜூலை முதல் ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. வந்த பிறகு, கடைகளில் 26 கிலோ சிப்பங்கள் பெருகிவிட்டன. பழைய நினைவில் ‘ஒரு மூட்டை 25 கிலோ’ என்று கணக்குப் போடாமல் சிப்பத்தின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் வாங்கினால் பில் கேட்டு வாங்குங்கள். பிரிக்காத சிப்பத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள்.

8. சந்தையிலும் தெருவிலும்

கடைக்காரர் எடையைக் கிலோவிலும் கொள்ளளவை லிட்டரிலும்தான் சொல்லி விற்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தராசிலும் லிட்டர் அளவைகளிலும் முத்திரை இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் முறையிடலாம்.

இருந்தாலும் வாரச் சந்தையில் பாட்டிமார் தோட்டத்து மொச்சையையும் கடலையையும் இலந்தைப் பழத்தையும் படியிலும் உழக்கிலும் அளந்து போடுவதைப் பார்ப்பீர்கள். ஆயுத பூஜை நாளில் பொரியும் அப்படித்தான். அவர்களிடம் சட்டம் பேச எனக்கு மனம் வராது. ஆனால் பாத்திரத்தின் உள்ளே ஒருமுறை எட்டிப் பாருங்கள். அடி உள்நோக்கி மேடாக இருந்தாலோ, பக்கவாட்டில் நசுங்கியிருந்தாலோ அளவு குறையும். பக்கத்துக் கடையோடு விலையை ஒப்பிடும்போது, இருவருடைய பாத்திரமும் ஒரே அளவா என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். வீட்டுக்குப் போனதும் ஒருமுறை நிறுத்துப் பார்த்தால் கிலோவுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று தெரிந்துவிடும்.

9. சொந்தமாக ஓர் உழக்கு

எவர்சில்வர் உழக்கு 120 ரூபாய்க்கு வாங்கினேன். சமையலறைத் தராசு 450 ரூபாய் ஆனது. இரண்டுக்கும் சேர்த்து ஆன 570 ரூபாய், அதிரசத்தில் வீணான எண்ணெய், வெல்லத்தின் விலையைவிட அதிகம்தான், ஆனால் அது ஒருமுறைச் செலவு. புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளிலும், விளக்குத்தூண் பக்கமும் தேடலாம். போகும்போது உங்கள் மாமியார் வீட்டு உழக்கின் மில்லி கணக்கைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள். கடைக்காரரிடம் ஒரு பாட்டில் தண்ணீர் கேட்டு அங்கேயே அளந்து பாருங்கள். பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் இன்னோர் அளவில் இன்னோர் உழக்கு வீட்டுக்கு வந்து சேரும், குழப்பம் இரட்டிப்பாகும்.

வாங்கியதும் அதன் அடியில் ஆணியால் மில்லி எண்ணைக் கீறிவிடுங்கள். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் யார் வீட்டு உழக்கு, எத்தனை மில்லி, அரிசி எத்தனை கிராம், தலைதட்டியா கோபுரமா, அளந்த தேதி என்று ஒரு பக்கம் எழுதுங்கள். என் நோட்டில் இப்போது நான்கு வீட்டு உழக்குகள் இருக்கின்றன. அத்தையுடையது 330, சின்ன மாமியாருடையது 310, எதிர்வீட்டு அக்காவுடையது 400, அம்மா உழக்கு என்றே சொல்லாத என் சென்னை ஆழாக்கு 200. யார் பக்குவம் சொன்னாலும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறக்கிறேன்.

அளந்து பார்ப்பதற்காகப் பெரியவர்கள் வீட்டிலிருந்து பித்தளைப் படியோ உழக்கோ இரவல் வாங்கினால், நல்ல காரியங்களில் நிறைநாழி வைக்கும் பாத்திரமாகவும் அது இருக்கலாம். கவிழ்த்து வைக்காதீர்கள், புளி போட்டுத் தேய்க்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது வெறும் பாத்திரமாகக் கொடுக்காமல், உள்ளே ஒரு கைப்பிடி அரிசி போட்டுக் கொடுங்கள்.